நொய்யல் கரைத் தொழிற்கூடங்களும் பண்டை இந்திய அறிவியலும்

பண்டை இந்தியாவின் அறிவியல் வரலாறு பெரும்பாலும் நூல்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. வேள்வி மேடைக்குச் செங்கல் அடுக்கும் வடிவியலைக் கூறும் சுல்ப சூத்திரங்களில் தொடங்கி, இலகு, குரு எனப்படும் குறுகிய, நீண்ட அசைகள் எத்தனை வகையாக அடுக்கப்படலாம் என்று எண்ணும் முறையை வகுத்த பிங்கலரைத் தொட்டு, கி.பி. 499ஆம் ஆண்டைத் தம் நூலிலேயே குறித்துச் சென்ற ஆரியபடர், 628இல் சுழியத்தோடு கூட்டலும் கழித்தலும் செய்யும் விதிகளை எழுதிய பிரம்மகுப்தர் என்று அந்த வரிசை நீளும். அது பெருமைக்குரிய வரிசை. அதில் எவரையும் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் நூல் எழுதியவர் மட்டுமே அறிவுடையவர் என்ற எண்ணத்தை அது மெல்ல விதைத்துவிடுகிறது. உலை மூட்டியவரும், கல்லைத் துளைத்தவரும், தராசு பிடித்தவரும் தாம் அறிந்தவற்றை ஏட்டில் எழுதி வைக்கவில்லை. அவர்கள் அறிந்தவை அவர்கள் செய்த பொருள்களிலும், செய்து முடித்தபின் எறிந்த கழிவுகளிலும் தங்கியிருக்கின்றன. அவற்றை வாசிக்கக் கற்றுக்கொண்டால் பண்டை இந்திய அறிவியலின் பாதிக்கு மேற்பட்ட பகுதி மண்ணுக்குள்தான் இருக்கிறது என்பது விளங்கும். அப்படி வாசிப்பதற்குக் கொங்கு நாட்டின் சென்னிமலையைச் சுற்றியுள்ள நிலப்பரப்பைப் போல வாய்ப்பான இடங்கள் தென்னிந்தியாவில் மிகச் சிலவே உள்ளன.

சென்னிமலைக்கு மேற்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், நொய்யல் ஆற்றின் வடகரையில் கொடுமணல் என்னும் சிற்றூர் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் அணிகலன்களுக்குப் பெயர்பெற்ற ஊராகக் குறிக்கும் கொடுமணம் இதுவே என்று அறிஞர்கள் கருதுகின்றனர். சேரர் தலைநகராகிய கரூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கரையின் முசிறித் துறைமுகத்துக்குச் சென்ற பெருவழி இவ்வூரைத் தொட்டே சென்றது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் சார்பில் எ. சுப்பராயலு, கா. ராஜன் முதலியோர் பல பருவங்கள் இங்கே அகழாய்வு நடத்தினர். 2012, 2013ஆம் ஆண்டுகளில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் சார்பில் ராஜன் மீண்டும் அகழ்ந்தார். பின்னர்த் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையும் பணியைத் தொடர்ந்தது. ஏறத்தாழ 50 ஏக்கர் பரப்பில் வாழ்விடமும், அதை ஒட்டி அதைப்போல் இரு மடங்கு பரப்பில் கற்குவை வட்டங்களும் கற்பதுக்கைகளும் கொண்ட ஈமக்காடும் அமைந்துள்ளன. மண்ணடுக்குகளில் கிடைத்த கரித்துண்டுகளைக் கதிரியக்கக் கரிமக் கணிப்புக்கு, அதாவது உயிர்ப்பொருளில் எஞ்சியுள்ள கதிரியக்கக் கரிமத்தை அளந்து வயதை அறியும் சோதனைக்கு உட்படுத்தியபோது, கிடைத்த காலங்களில் முற்பட்டது கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியைத் தொட்டது. அங்கிருந்து கி.பி. முதல் சில நூற்றாண்டுகள் வரை இவ்வூர் உயிர்ப்போடு இயங்கியது.

ஊரின் தொன்மையைவிட அதன் அமைவிடம் கூர்ந்து நோக்கத்தக்கது. இரும்புத்தாது சென்னிமலைப் பகுதியில் கிடைத்தது. படிகக்கல், அதாவது நிறமற்ற தெளிந்த குவார்ட்சு, அருகிலேயே வெங்கமேடு, அரசம்பாளையம் பகுதிகளில் கிடைத்தது. கடல்நீரின் நிறம் கொண்ட பெரில் என்னும் மணிக்கல் தெற்கே படியூரில் கிடைத்தது. நீலக்கல்லும், அதன் ஒளியற்ற உடன்பிறப்பாகிய குருந்தக்கல்லும் சிவன்மலை, பெருமாள்மலைப் பகுதியில் கிடைத்தன. ஒரு நாள் நடைக்குள் இத்தனை கனிமங்களும், அவற்றுக்கு நடுவே ஓர் ஆறும், கரி சுடுவதற்குக் காடும், விற்பதற்குப் பெருவழியும் அமைந்த இடத்தைத் தேர்ந்து குடியேறியவர்கள் நிலத்தின் இயல்பை நன்கு அறிந்திருந்தவர்கள். சிவன்மலையின் பாறைகளை நிலவியல் அறிஞர் டி. எச். ஹாலந்து விரிவாக ஆராய்ந்து 1901இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் வெளியீடாகக் கொணர்ந்தார். அங்குள்ள குருந்தம் கலந்த பாறைகளும் அந்த ஆய்வில் இடம்பெற்றன. கொடுமணலின் கல்வினைஞர்கள் அதே பாறைகளைப் பெயரிட்டு வகைப்படுத்தவில்லை எனினும், எந்தக் குன்றில் எதைத் தேடவேண்டும் என்பதை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்து செயல்பட்டிருக்கின்றனர்.

இரும்பும் எஃகும்

தாதிலிருந்து இரும்பைப் பிரிப்பது எளிய வேலை அன்று. சென்னிமலைப் பகுதியின் தாது மேக்னடைட் எனப்படும் காந்த இரும்புக்கல். அது இரும்பும் ஆக்சிஜனும் பிணைந்த கருநிறக் கனிமம். அதைப் பொடித்துக் கரியோடு மாறி மாறி அடுக்கி, அடியில் சுடுமண் ஊதுகுழாய் வைத்து, துருத்தியால் இடைவிடாமல் காற்றூதினால், அரைகுறையாக எரியும் கரியிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு வளி தாதிலுள்ள ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு இரும்பைத் தனியே விடும். தூய இரும்பு உருகுவதற்கு 1538 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். பண்டைய உலைகள் அந்த வெப்பத்தை எட்டவில்லை, எட்ட வேண்டிய தேவையும் இல்லை. ஏறத்தாழ 1200 பாகையிலேயே தாதில் கலந்துள்ள மணற்சத்து இரும்பு ஆக்சைடின் ஒரு பகுதியோடு கூடிக் கசடாக உருகி வடிந்துவிடும். இரும்பு உருகாமல், துளைகள் நிறைந்த ஒரு கட்டியாக உலையின் அடியில் தங்கும். அந்தக் கட்டியைச் சூட்டோடு எடுத்துப் பட்டடைக் கல்மேல் வைத்துச் சம்மட்டியால் மீண்டும் மீண்டும் அடித்தால், இடுக்குகளில் சிக்கிய கசடு பிதுங்கி வெளியேற, உழைக்கத்தக்க இரும்பு கிடைக்கும்.

இதில் நுட்பம் எங்கே இருக்கிறது என்றால் காற்றின் அளவில் இருக்கிறது. காற்று குறைந்தால் வெப்பம் ஏறாது. மிகுந்தால் பிரிந்த இரும்பு மறுபடியும் எரிந்து ஆக்சைடாகிவிடும் அல்லது கரியை மிகுதியாக உண்டு, அடித்தால் நொறுங்கும் வார்ப்பிரும்பாகிவிடும். வெப்பமானி இல்லாத காலத்தில், சுடரின் நிறத்தையும் துருத்தியின் ஓசையையும் வடியும் கசட்டின் ஓட்டத்தையும் கொண்டே உலையின் உள்நிலையை அறிந்தாக வேண்டும். கொடுமணலில் ஒரு மீட்டருக்குச் சற்று மிகுந்த விட்டமுள்ள வட்ட வடிவ உலையின் அடித்தளமும், வெப்பத்தில் கண்ணாடியாக உருகிப்போன முகம் கொண்ட ஊதுகுழாயும், இரும்புக் கசடும் கிடைத்துள்ளன. உருக்குலைகளில் கிடைக்கும் இரும்பின் எடையைப் போலப் பல மடங்கு கரி செலவாகும் என்பதால், தாது இருக்கும் மலையடியில் உலை வைக்காமல் தாதை ஆற்றங்கரைக்குச் சுமந்து வந்ததற்கும் காரணம் விளங்குகிறது. எரிபொருளும் களிமண்ணும் தண்ணீரும் வாங்குவோரும் ஆற்றங்கரையில் இருந்தனர்.

அடுத்த கட்டம்தான் இந்திய உலோகவியலுக்கு உலகப் புகழைத் தேடித் தந்தது. அடித்துப் பெற்ற இரும்பு மென்மையானது. அதில் நூற்றுக்கு ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு வரை கரியைச் சேர்த்தால் கூர்மை மழுங்காத கடின எஃகு ஆகும். அதைவிடக் கரி மிகுந்தால் நொறுங்கும்; குறைந்தால் வளையும். இந்தக் குறுகிய எல்லைக்குள் கரியை நிறுத்துவதற்குத் தென்னிந்தியர் கண்ட வழி மூசை முறை. இரும்புத் துண்டுகளையும் விறகையும் சிறு மண் மூசைக்குள் வைத்து, வாயைக் களிமண்ணால் அடைத்து, உலையில் அடுக்கி ஊதினால், மூசைக்குள் அடைபட்ட கரி இரும்பில் ஊறும். கரி ஊற ஊற இரும்பின் உருகுநிலை தாழ்ந்து, தூய இரும்பு உருகாத வெப்பத்தில் அது முழுதும் உருகிச் சீரான எஃகாகும். கொடுமணலில் நடுவே ஓர் உலையும் அதைச் சூழ்ந்து பன்னிரண்டு சிறு உலைகளும் அமைந்த தொகுதி ஒன்றும், மூசைகளும் வெளிப்பட்டன. உலோகவியல் நோக்கில் இவற்றை ஆராய்ந்த பா. சசிசேகரன் முதலியோர் இங்கே எஃகு ஆக்கம் நடந்தது என்ற முடிவுக்கு வந்தனர். மூசைகள் அனைத்தும் எஃகுக்கே பயன்பட்டன என்று கொள்ள வேண்டியதில்லை. செம்பு வேலையும் இவ்வூரில் நடந்தது. சூதுபவளமும் நீலக்கல்லும் பதித்த வெண்கலப் புலி உருவம் இங்கே ஈமச்சின்னத்தில் கிடைத்ததே அந்த வேலைப்பாட்டின் தரத்தைக் காட்டப் போதுமானது.

எஃகு முறையின் நடைமுறை விவரங்கள் 19ஆம் நூற்றாண்டில்தான் எழுத்தில் பதிவாயின. பரங்கிப்பேட்டையில் 1830இல் இரும்பாலை நிறுவிய ஜோசையா மார்ஷல் ஹீத், சேலம் பகுதிக் கொல்லர்கள் செய்ததைக் கண்டு 1839இல் எழுதினார். அவர் எழுதியபடி, உமி கலந்த களிமண்ணால் மூசை செய்தனர். இரும்புத் துண்டுகளோடு உலர்ந்த ஆவாரை விறகைப் பொடியாக நறுக்கி இட்டு, எருக்கின் பச்சிலையால் மூடி, வாயை மண்ணால் அடைத்தனர். இருபதுக்குச் சற்று மேற்பட்ட மூசைகளை ஒரே உலையில் வளைவாக அடுக்கி ஏறத்தாழ இரண்டரை மணிநேரம் ஊதினர். ஆவாரையும் எருக்கும் கொங்கு மேட்டுநிலத்தில் கால் வைக்கும் இடமெல்லாம் முளைப்பவை. உமி கலந்த மண், உமி எரிந்தபின் நுண்துளைகளும் கரியும் நிறைந்து வெப்பத்தில் வெடிக்காமல் நிற்கும். விலையில்லாத மூன்று பொருள்களைக் கொண்டு, ஐரோப்பாவின் பெரிய ஆய்வுக்கூடங்கள் வியந்து ஆராய்ந்த எஃகைச் செய்திருக்கிறார்கள் என்பதை எண்ணும்போது உண்மையான பெருமிதம் பிறக்கிறது. வூட்ஸ் என்று ஐரோப்பியர் அழைத்த அந்த எஃகைப் பற்றி ஜார்ஜ் பியர்சன் 1795இல் இலண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை படித்தார். மின்னியலின் தந்தையாகப் போற்றப்படும் மைக்கேல் ஃபாரடே, ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்பவரோடு சேர்ந்து 1820இலும் 1822இலும் வெளியிட்ட உலோகக்கலவை ஆய்வுகளின் தொடக்கம் இந்த எஃகின் இரகசியத்தைத் தேடியதுதான்.

ஹீத் கண்ட முறை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கொடுமணலில் அப்படியே இருந்தது என்று சொல்வது மிகை. மூசை எஃகின் சான்றுகளைத் தென்னார்க்காட்டு மேல்சிறுவளூரில் சாரதா சீனிவாசன் கண்டு ஆராய்ந்து 1990களில் வெளியிட்டார். மேட்டூருக்கு அருகே காவிரிக் கரையிலுள்ள தெலுங்கனூரின் ஈமச்சின்ன வாளில் கரி மிகுந்த எஃகு இருப்பதை ஜாங்-சிக் பார்க், கா. ராஜன் ஆகியோர் அடங்கிய குழு காட்டியது. இவ்வாறு பல காலங்களையும் பல ஊர்களையும் சேர்ந்த துண்டுச் சான்றுகளை இணைத்தே ஒரு மரபின் தொடர்ச்சியைப் பேச முடியும். அண்மைக் காலத்தில் மயிலாடும்பாறை, சிவகளை ஆகிய இடங்களின் இரும்புப் பொருள்களுக்குக் கிடைத்த மிகப் பழைய காலக்கணிப்புகள் தமிழ்நாட்டில் பேரார்வத்தை எழுப்பியுள்ளன. அந்த ஆர்வம் நல்லதே. ஆயினும் ஆண்டு எத்தனை என்ற போட்டியைவிட, எந்த வெப்பத்தில், எந்த மண்ணில், எவ்வளவு கரியோடு செய்தனர் என்ற கேள்வியே அறிவியல் வரலாற்றுக்கு உயிர்நாடி. காலக்கணிப்பு ஒரு பொருள் எப்போது இருந்தது என்று சொல்லும். அதைச் செய்தவர் என்ன அறிந்திருந்தார் என்பதைக் கசடும் மூசையும்தான் சொல்லும்.

மணியும் துளையும்

இரும்பைவிட மணித்தொழிலில் கொடுமணலின் புகழ் பெரிது. பெரில், நீலக்கல், படிகம், செவ்வந்திக்கல், சூதுபவளம், அகேட், கார்னெட், லாபிஸ் லசூலி என்று பல வகைக் கற்கள் இங்கே கிடைத்துள்ளன. அவற்றுள் சூதுபவளமும் அகேட்டும் குஜராத் பக்கமிருந்தும், லாபிஸ் லசூலி ஆப்கானிஸ்தானத்திலிருந்தும் வந்திருக்க வேண்டும். ஒரே ஈமச்சின்னத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் இருந்தன. ஆனால் முழுமைபெற்ற மணிகளைவிட முழுமைபெறாதவையே வரலாற்றாசிரியருக்கு மிகுதியாகப் பயன்படுகின்றன. உடைக்காத மூலக்கல், தட்டிச் செதுக்கிய துண்டு, தேய்த்து வடிவாக்கியது, மெருகேற்றியும் துளையிடாதது, துளையிடும்போது பிளந்து எறியப்பட்டது என்று தொழிலின் ஒவ்வொரு கட்டமும் கொடுமணல் மண்ணில் கிடைத்திருப்பதால், இவ்வூர் மணி வாங்கி விற்ற சந்தை மட்டுமன்று, மணி செய்த பட்டறை என்பது ஐயத்துக்கு இடமின்றி உறுதியாகிறது.

கல்லின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரையிலான மோஸ் அளவுகோலால் கனிமவியலார் குறிப்பர். எந்தக் கல் எந்தக் கல்லைக் கீறும் என்பதே அந்த அளவின் அடிப்படை. படிகம் 7, பெரில் ஏழரை முதல் 8, நீலக்கல்லும் குருந்தமும் 9, வைரம் 10. ஃப்ரீட்ரிக் மோஸ் இவ்வளவுகோலை வகுத்தது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஆனால் கடினமான கல்லே மென்மையானதைக் கீறும் என்ற விதியை அறியாமல் கொடுமணலில் ஒரு மணிகூடச் செய்திருக்க முடியாது. படிகத்தையும் பெரிலையும் தேய்க்க அவற்றைவிடக் கடினமான தூள் வேண்டும். அந்தத் தூளுக்குரிய குருந்தக்கல் சிவன்மலைப் பக்கம் கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. நீலக்கல்லைத் துளைப்பது இன்னும் கடினம். அதைவிடக் கடினமானது வைரம் ஒன்றே. அமெரிக்க ஆய்வாளர்களான லியனார்ட் கோரலிக், ஜான் குவின்னெட் ஆகிய இருவரும் அரிக்கமேடு போன்ற இடங்களின் மணித்துளைகளுக்குள் மென்பசையால் வார்ப்பெடுத்து, மின்னணு நுண்ணோக்கியில் அவ்வார்ப்பின் வரிகளை ஆராய்ந்து, வைர முனை கொண்ட துளைப்பான் பயன்பட்டதை 1988இல் நிறுவினர். துளையின் உட்சுவர் தன்னைத் துளைத்த கருவியின் முத்திரையைத் தாங்கியிருக்கிறது என்ற அந்த ஆய்வின் உள்ளுணர்வு மிக அழகானது. குஜராத்தின் கம்பாத்தில் இன்றும் வில்லால் சுழற்றும் துளைப்பானின் நுனியில் இரண்டு சிறு வைரத் துகள்களைப் பதித்து மணி துளைக்கும் குடும்பங்கள் உள்ளன.

உரோமாபுரியின் பெரிய பிளினி, கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய தம் இயற்கை வரலாற்று நூலின் கடைசிப் பகுதியில் பெரிலைப் பற்றிச் சொல்வன இந்த மண்ணோடு நேரே பொருந்துகின்றன. பெரில் வேறெங்கும் அரிது, இந்தியாவிலேயே கிடைக்கிறது என்றும், அதை அறுகோண வடிவில் தேய்த்தால்தான் ஒளி பெறுகிறது என்றும், இந்தியர் நீண்ட பெரில்களைத் துளைத்து யானை மயிரில் கோத்து அணிகின்றனர் என்றும் அவர் எழுதுகிறார். பெரில் இயற்கையிலேயே ஆறு பட்டை கொண்ட படிகமாக வளர்வது. வினைஞர்கள் அந்த இயல்பை எதிர்க்காமல் அதன்வழியே சென்றிருக்கின்றனர். படிகக்கல்லுக்குச் சாயமேற்றிப் பெரில் போலச் செய்யவும் இந்தியர் அறிந்திருந்தனர் என்று பிளினி குற்றச்சாட்டாகச் சொல்கிறார். வாங்குபவருக்கு அது மோசடி. அறிவியல் வரலாற்றாசிரியருக்கோ அது கல்லின் நுண்வெடிப்புகளுக்குள் நிறத்தைச் செலுத்தும் வேதியியல் செயல்முறை ஒன்று வழக்கிலிருந்ததற்கான சாட்சியம். வெள்ளலூரில் 1842இல் கிடைத்த 522 உரோமானிய வெள்ளிக் காசுகளும், கொங்கில் பல இடங்களில் கிடைத்த பிற புதையல்களும் இந்த வணிகத்தின் அளவைக் காட்டுகின்றன. படியூர்ச் சுரங்கம் பிற்காலத்தில் மறக்கப்பட்டு, 1819-20இல் ஆங்கிலேயரால் மீண்டும் தோண்டப்பட்டுச் சில காலம் நல்ல வருவாய் தந்தது.

மணிகளின் தேர்வையும் குற்றங்குணங்களையும் வடமொழியில் முறைப்படுத்தி எழுதிய வராகமிகிரரின் பிருகத்சம்ஹிதை ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதாவது நூல் எழுதப்படுவதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பட்டறை இயங்கத் தொடங்கிவிட்டது. சுல்ப சூத்திரங்களிலும் இந்த வரிசைதான் இருக்கிறது: கயிறு பிடித்துச் செங்கல் அடுக்கியவர்களின் கையறிவு முதலில், அதைச் சூத்திரமாக்கிய எழுத்து பின்னர்.

தராசும் எழுத்தும்

கொடுமணலில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் ஐந்நூறுக்கும் மேல் கிடைத்துள்ளன. கண்ணன் ஆதன், சம்பன் சுமணன், பண்ணன் என்பன போன்ற ஆட்பெயர்களே அவற்றில் மிகுதி. வணிகக் குழுவைக் குறிக்கும் நிகமம் என்ற சொல்லின் வடிவமும் ஓர் ஓட்டில் உண்டு. வடபுலத்தில் அசோகரின் பிராமி எழுத்து அரச ஆணைகளில் பாறைமேல் நின்றது. இங்கோ எழுத்து குடிமக்களின் சமையற்பானையிலும் உண்கலத்திலும் கீறப்பட்டது. சுட்ட பானையின்மேல் கீறியவை என்பதால், பானையை வாங்கியவரோ அவரைச் சார்ந்தவரோ தம் கையாலேயே பெயரைப் பொறித்திருக்க வேண்டும். உலையும் மணிப்பட்டறையும் இருந்த அதே தெருக்களில் எழுத்தறிவும் இருந்தது என்பது எளிதாகக் கடந்து செல்லத்தக்க செய்தி அன்று. கைத்தொழில் செய்தோர் எழுத்தறியார் என்ற பிற்காலத்து எண்ணத்தை அது கேள்விக்குள்ளாக்குகிறது.

இவற்றுக்கு மகுடம் போன்ற சான்று சென்னிமலைக்குக் கிழக்கே அறச்சலூர் மலைக் குகையில் இருக்கிறது. கி.பி. முதல் சில நூற்றாண்டுகளைச் சேர்ந்ததும், ஈரோட்டுப் புலவர் செ. இராசு அவர்களின் முயற்சியால் அறிவுலகின் கவனத்துக்கு வந்ததுமான இக்குகைக் கல்வெட்டில், ஆடலுக்குரிய தாள எழுத்துகள் ஐந்து வரிசையில், வரிசைக்கு ஐந்தாக, இருபத்தைந்து இடங்களில் பொறிக்கப்பட்டுள்ளன. அவ்வெழுத்துகளை அமைத்தவன் மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன் என்று கல்வெட்டே கூறுகிறது. வண்ணக்கன் என்பவன் பொன்னையும் காசையும் மணியையும் நோட்டம் பார்த்துத் தரம் உரைப்பவன். வடமவண்ணக்கன் பேரிசாத்தனார் முதலிய சங்கப் புலவர்கள் சிலரின் பெயரிலும் அத்தொழில் இருக்கிறது. மணியை உரசியும் நிறுத்தும் மதிப்பிட்ட ஒருவன் தாள அடைவைக் கல்லில் வடித்திருக்கிறான்.

அந்த அமைப்பின் கணித அழகு தனியே சொல்லத்தக்கது. த, தை, தா, தே என்ற நான்கே ஒலிகள் அதில் வருகின்றன. இடமிருந்து வலமாகப் படித்தாலும் வலமிருந்து இடமாகப் படித்தாலும், மேலிருந்து கீழாகப் படித்தாலும் கீழிருந்து மேலாகப் படித்தாலும் வரிசை மாறுவதில்லை. இத்தகைய சமச்சீரைக் காப்பதற்குரிய நிபந்தனைகளை எழுதிப் பார்த்தால், இருபத்தைந்து இடங்களில் விருப்பம்போல் நிரப்பத்தக்கவை ஆறே இடங்கள் என்பது புலப்படும்: மேல் இடமூலை, முதல் வரிசையின் இரண்டாம், மூன்றாம் இடங்கள், இரண்டாம் வரிசையின் இரண்டாம், மூன்றாம் இடங்கள், நடுவிடம். இந்த ஆறும் முடிவானவுடன் மீதிப் பத்தொன்பதும் தாமாகவே முடிவாகிவிடும். இன்றைய கணிதத்தின் அணிக்கோட்பாட்டைத் தேவன் சாத்தன் அறிந்திருந்தான் என்று கூறுவது அவனுக்கும் கணிதத்துக்கும் நியாயம் செய்வதாகாது. ஆனால் ஓரிடத்தை மாற்றினால் எந்தெந்த இடங்கள் கூடவே மாற வேண்டும் என்பதை உணர்ந்தே அவன் இதை அமைத்திருக்கிறான். தற்செயலாக இது அமையாது. பிங்கலர் அசைகளின் அடுக்கை எண்ணியதும், கொங்கு மணிநோட்டக்காரன் தாள ஒலிகளின் அடுக்கைச் சதுரமாக்கியதும், ஒலியின் ஒழுங்கிலிருந்து எண்ணின் ஒழுங்குக்குச் சென்ற ஒரே மனப்பழக்கத்தின் இரு வடிவங்கள்.

தராசுத் தட்டிலிருந்து பிறந்த கணக்கு இன்னொன்றும் உண்டு. தமிழர் பொன் நிறுத்த அளவில் இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. குன்றியும் மஞ்சாடியும் உண்மையான விதைகள். இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகள் கோயில் நகைகளின் எடையை இவ்வளவுகளிலேயே குன்றி வரை கணக்கிட்டுச் சொல்கின்றன. தமிழ்ப் பின்னங்களில் இருபதில் ஒன்று மா, நாற்பதில் ஒன்று அரைமா, எண்பதில் ஒன்று காணி, அதன் பாதி அரைக்காணி, அதன் பாதியாகிய முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. அப்படியானால் ஒரு மஞ்சாடி கழஞ்சில் மா, ஒரு குன்றி கழஞ்சில் அரைமா. மாவிலிருந்து முந்திரி வரை ஒவ்வொரு படியும் முந்தையதன் பாதி என்பதைக் கவனித்தால், இப்பின்ன முறைக்கும் தராசுக்கும் உள்ள உறவு தெளிவாகும். எடைக்கல்லே இல்லாவிட்டாலும் இருதட்டுத் தராசு ஒரு காரியத்தைத் தவறின்றிச் செய்யும்: பொற்றூளை இரு தட்டிலும் பகிர்ந்து சமமாக்கினால் சரிபாதி கிடைத்துவிடும். பாதியின் பாதி, அதன் பாதி என்று இறங்குவது தராசுக்கு இயல்பு. பிற்காலத்துக் கணக்கதிகாரமும் திண்ணைப் பள்ளிகளின் வாய்பாடுகளும் இந்தப் பின்னங்களை மனப்பாடமாக்கின. அவற்றின் வேர் பொற்கொல்லர், வண்ணக்கர் ஆகியோரின் கைப்பழக்கத்தில் இருப்பதாகக் கொள்ளப் போதிய இடமுண்டு. எழுதப்பட்ட கணிதத்துக்கும் பட்டறைக் கணிதத்துக்கும் இடையே சுவர் இருந்ததாக எண்ணுவதற்கு இங்கே காரணமே இல்லை.

சுவர் பின்னாளில் எழுந்தது. தொழில் பிறப்போடு கட்டப்பட்டு, கொல்லனின் மகன் தந்தையின் அருகிருந்து கற்பதே ஒரே வழியாகி, நுட்பங்கள் குடும்பத்துக்குள் மறைபொருளாக அடங்கிய காலத்தில், உலையறிவு ஏட்டுக்கும் ஏறவில்லை, ஏட்டறிவு உலைக்கும் வரவில்லை. ஐரோப்பாவில் ஃபாரடே போன்ற ஒருவர் கருமான் செய்ததை ஆய்வுக்கூடத்தில் பிரித்துப் பார்த்து அச்சிட்ட அதே நூற்றாண்டில், காடழிவாலும் மலிந்த இறக்குமதி இரும்பாலும் இங்குள்ள உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. இழந்தது ஒரு தொழிலை மட்டுமன்று. எழுதப்படாமலே போன ஓர் அறிவுத்துறையை. பண்டை இந்தியர் விமானம் விட்டனர், அணுவைப் பிளந்தனர் என்றெல்லாம் சான்றின்றிப் பேசுவோர் இந்த இழப்பை மேலும் பெரிதாக்குகின்றனர். ஏனெனில் அத்தகைய பேச்சு உண்மையான சாதனைகளின்மீதும் ஐயத்தை விழச் செய்கிறது. உமியும் ஆவாரையும் எருக்கும் கொண்டு எஃகு செய்தவர்களுக்குக் கற்பனைப் புகழ் தேவையில்லை.

இனிச் செய்ய வேண்டிய பணி நுட்பமானது, ஆனால் எட்டாததன்று. ஒரு மூசையின் உட்சுவரில் ஒட்டியுள்ள கண்ணாடிப் படலத்தைக் குறுக்கே வெட்டி மெருகிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், அதற்குள் சிக்கிய கடுகினும் சிறிய உலோகத் துளிகள் தென்படும். அத்துளி இரும்பா செம்பா, இரும்பானால் அதில் கரி எவ்வளவு என்பதை அளந்தால் அந்த மூசையில் என்ன உருகியது என்பது உறுதியாகும். கசட்டின் வேதிச் சேர்க்கையைச் சென்னிமலைத் தாதின் சுவட்டுத் தனிமங்களோடு, அதாவது மிகச் சிறு அளவில் கலந்துள்ள தனிமங்களோடு ஒப்பிட்டால் தாது எந்தக் குன்றிலிருந்து வந்தது என்று சொல்லலாம். பெரில் மணிகளைப் படியூர்க் கல்லோடு அவ்வாறே ஒப்பிட்டால், முசிறியின் இடமாகக் கருதப்படும் பட்டணம் என்னும் ஊரிலும், அரிக்கமேட்டிலும், செங்கடல் துறைமுகங்களிலும் கிடைத்தவற்றுள் எவை கொங்கு மண்ணைச் சேர்ந்தவை என்பதும் வெளிப்படும். இதற்குரிய கருவிகள் ஈரோடு, பெருந்துறை, கோயம்புத்தூர்ப் பொறியியல் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் அன்றாடப் பயன்பாட்டில் உள்ளன. உலோகவியல் மாணவரும் தொல்லியல் மாணவரும் ஒரே மேசையில் அமரும் வகையில் இரு துறைகளின் பாடத்திட்டங்களில் சிறு திறப்பு ஏற்பட்டால் போதும். அதற்குள் கொடுமணல் ஈமக்காட்டின் கல்வட்டங்கள் உழவாலும் கல்லெடுப்பாலும் குலையாமல் காக்கப்பட வேண்டும். திருப்பூரின் சாயக்கழிவு பல ஆண்டுகள் ஓடித் தேங்கிய நொய்யலின் கரையில், அகழாத பகுதிகளின் மண்ணில் வேதி மாற்றம் எவ்வளவு நேர்ந்திருக்கிறது என்பதையும் அந்தச் சோதனைகளின் தொடக்கத்திலேயே அளந்துகொள்ள வேண்டும்.